03 எண்களில் அரசு அலுவலகங்களை அழைப்பது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பிரிட்டனில் வரி அலுவலகக் கடிதத்தின் மேல் மூலையில் ஒரு காலத்தில் 0845 என்று தொடங்கும் அதிகக் கட்டண எண் இருக்கும். இப்போது அந்த இடத்தில் 03 வரிசையைச் சேர்ந்த 0300. இந்த மாற்றம் நம் போன் பில்லில் என்ன செய்தது, எங்கே இன்னும் காசு கசிகிறது என்பதுதான் இங்கே பேச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மாதாந்திர மொபைல் திட்டம் வைத்திருப்பவருக்கு 03 அருமையான ஏற்பாடு. டாப்-அப் போட்டு நிமிடக் கணக்கில் பேசுபவருக்கு அது பாதிக் கிணறு தாண்டிய கதை.

03 எண்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2007இல் கொண்டுவந்தது. விதி எளிமையானது. லேண்ட்லைனோ மொபைலோ, 01, 02 என்று தொடங்கும் சாதாரண ஊர் எண்களுக்கு என்ன கட்டணமோ அதற்கு மேல் 03க்கு வாங்கக் கூடாது. திட்டத்தில் இலவச நிமிடங்கள் இருந்தால் அதிலேயே கழிய வேண்டும். அழைப்பவர் கட்டும் காசில் அலுவலகத்துக்குப் பங்கு போகக் கூடாது. 0300 அரசு அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மட்டும். 0330, 0333 யாரும் வாங்கலாம். 0345, 0370 போன்றவை பழைய 0845, 0870 வைத்திருந்தவர்கள் மாறிக்கொள்ள ஒதுக்கப்பட்டவை.

விதி வந்ததும் எல்லோரும் மாறிவிடவில்லை. 2012-13ஆம் ஆண்டில் அரசின் அதிகக் கட்டண எண்களை அழைத்தவர்கள் செலவழித்தது சுமார் 5.6 கோடி பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2013இல் மதிப்பிட்டது. அந்த 2013இலேயே வரித்துறையான எச்எம்ஆர்சி 03க்கு மாறியது. டிசம்பரில் அமைச்சரவை அலுவலகமான கேபினட் ஆபீஸ் மற்றத் துறைகளுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டின் எண் 0345ஆக இருந்தது. கையில் காசில்லாமல் உதவி கேட்பவர், அழைப்புக்கே நிமிடத்துக்கு 55 பென்ஸ் வரை கட்டுவது என்ன நியாயம் என்று 2017 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. சில வாரங்களில் அது இலவச 0800 எண் ஆனது. 55 பென்ஸ் வந்தது 0345 என்ற எண்ணால் அல்ல, டாப்-அப் திட்டத்தின் சாதாரண நிமிடக் கட்டணத்தால். இது இன்றும் பலருக்குப் புரிவதில்லை. 03 மலிவானது, இலவசம் அல்ல.

ஒரு அழைப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எச்எம்ஆர்சியின் வருமான வரி எண் 0300 200 3300. மறுமுனையில் தானியங்கிக் குரல் எடுத்த நொடியிலேயே கட்டண மீட்டர் ஓடத் தொடங்குகிறது. அலுவலர் வரும்போது அல்ல. எதற்காக அழைக்கிறீர்கள் என்று அந்தக் குரல் கேட்கும். நீளமாக விளக்கினால் நம் உச்சரிப்பில் அது தடுமாறி மறுபடி கேட்கும். 'டாக்ஸ் கோட்', 'ரீஃபண்ட்' என்று இரண்டு சொல்லில் முடிப்பதே வேகம். சில கேள்விகளுக்கு இணையதள இணைப்பை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிட்டு அழைப்பை முடித்துவிடும். அதுவரை ஓடிய நிமிடங்கள் உங்கள் கணக்கில்தான். அதைத் தாண்டினால் காத்திருப்பு. 2023-24இன் முதல் 11 மாதங்களில் எச்எம்ஆர்சியில் அலுவலர் கிடைக்கச் சராசரியாகக் கிட்டத்தட்ட 23 நிமிடம் ஆனதாகத் தணிக்கை அலுவலகமே சொன்னது. மொத்தம் 40 நிமிடம் என்று வையுங்கள். அன்லிமிடெட் நிமிடங்கள் உள்ளவருக்குச் செலவு பூஜ்யம். நிமிடத்துக்கு 35 பென்ஸ் டாப்-அப்பில் இருப்பவருக்கு 14 பவுண்டு. பழைய 0845 முறை நீடித்திருந்து, அந்த எண்ணுக்கான சேவைக் கட்டணம் நிமிடத்துக்கு 7 பென்ஸும் மொபைல் நிறுவனம் தனக்கு எடுக்கும் அணுகல் கட்டணம் 60 பென்ஸும் என்றால் 26 பவுண்டு 80 பென்ஸ்.

இந்தக் கணக்கில்தான் 03இன் பலமும் குறையும் சேர்ந்து தெரிகின்றன. நிமிட விலை இறங்கியது. நிமிடங்களின் எண்ணிக்கை இறங்கவில்லை. ஆகவே மாதம் ஒருமுறையாவது அரசு அலுவலகத்தோடு பேச வேண்டியிருந்தால், முதலில் செய்ய வேண்டியது யூகே நிமிடங்கள் உள்ள ஒரு மலிவான சிம்-ஒன்லி திட்டம் எடுப்பது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஊருக்குப் பேச எடுக்கும் இன்டர்நேஷனல் பண்டில் சிலவற்றில் வெளிநாட்டு நிமிடங்கள் மட்டுமே இருக்கும். பண்டில் இருக்கிறது என்று நம்பி 0300 போட்டால் கணக்கிலுள்ள டாப்-அப் கரையும். விவரத்தில் 'யூகே மினிட்ஸ்' என்று தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள்.

வயதானவர்கள் வீட்டில் இன்னும் லேண்ட்லைன் இருக்கும். அங்கே இரண்டு சிக்கல். இலவச அழைப்புத் திட்டம் மாலைக்கும் வார இறுதிக்கும் மட்டும் என்றால், அலுவலகம் திறந்திருக்கும் திங்கள் முதல் வெள்ளி வரையான பகல் நேரம் முழுக்கக் கட்டணத்தில் விழுகிறது. எந்நேரத் திட்டம் என்றாலும் பல நிறுவனங்களில் ஒரு அழைப்புக்கு 60 நிமிட வரம்பு உண்டு. பேச்சென்றால் 59ஆம் நிமிடத்தில் வைத்துவிட்டு மறுபடி போடலாம். வரிசையில் நிற்கும்போது வைத்தால் பிடித்த இடம் போய்விடும். நீண்ட காத்திருப்புக்கு மொபைல்தான் சரி. சார்ஜரில் செருகி, ஸ்பீக்கரில் போட்டு, நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

0800 எண்கள் வேறு ரகம். 2015 ஜூலை 1 முதல் பிரிட்டன் மொபைல்களிலிருந்தும் அவை இலவசம். மருத்துவ ஆலோசனைக்கான என்எச்எஸ் 111, மின்தடைக்கான 105 ஆகியவற்றுக்கும் காசில்லை. அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸின் 101க்கு அழைப்புக்கு 15 பென்ஸ் இருந்தது. 2020 ஏப்ரலில் அதையும் எடுத்துவிட்டார்கள். என் பார்வையில் 111தான் இந்த மாற்றங்களிலேயே மிக நல்லது. அதற்கு முன் என்எச்எஸ் டைரக்ட் 0845 4647இல் இருந்தது. இரவில் காய்ச்சலோடு குழந்தையை வைத்துக்கொண்டு பேலன்ஸ் பார்க்க வேண்டிய நிலை இனி இல்லை. ஆங்கிலம் தடையென்றால் எடுத்ததும் 'தமிழ் இன்டர்ப்ரிட்டர் ப்ளீஸ்' என்று சொன்னால் போதும். மொழிபெயர்ப்பாளரை இலவசமாக இணைப்பார்கள். எச்எம்ஆர்சியில் வீட்டுப் பிள்ளைகளே மொழிபெயர்க்கலாம், ஆனால் 16 வயது தாண்டியிருக்க வேண்டும், பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இனி பணம் உண்மையில் பறிபோகும் இடம். தேடுபொறியில் ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்துக்காக 'டிவிஎல்ஏ போன் நம்பர்' என்று போட்டால் மேலே விளம்பரமாக வரும் பக்கங்களில் 0843, 0844, 087, 09 என்று தொடங்கும் எண்கள் இருக்கலாம். இவை இடைத்தரகர் எண்கள். அழைத்தால் உங்களை அதே இலவச அல்லது 03 எண்ணுக்குத்தான் திருப்பிவிடுவார்கள். ஆனால் அலுவலகம் எடுக்கும் வரைக்கும் பேசி முடிக்கும் வரைக்கும் அவர்கள் கட்டணம் ஓடும். 09 என்றால் சேவைக் கட்டணம் மட்டுமே நிமிடத்துக்கு 3 பவுண்டு 60 பென்ஸ் வரை போகலாம், அணுகல் கட்டணம் தனி. 20 நிமிடத்தில் 72 பவுண்டு. எண்ணை அரசின் கவ்.யூகே (gov.uk) தளத்திலோ கையிலுள்ள கடிதத்திலோ மட்டும் எடுங்கள். மொபைல் நிறுவனத்திடம் சொல்லி 09 எண்களைத் தடுத்து வைக்கலாம். பெரியவர்களின் சிம்மில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பழைய கடிதத்தில் 0845 எண் மட்டும் இருந்தால் 8ஐ 3ஆக மாற்றி, மீதி இலக்கங்களை அப்படியே போட்டுப் பாருங்கள். அந்த 0345 அதே உரிமையாளருக்கு ஒதுக்கப்பட்டது, வேறு யாருக்கும் போகாது. அவர்கள் அதை இயக்காமல் விட்டிருந்தால் இணைப்பு கிடைக்காது, அவ்வளவுதான். 0300 எண்களுக்கு இந்த வழி செல்லாது. அவை புதிதாகக் கொடுக்கப்பட்டவை.

வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு இன்னும் சரியாக அமையவில்லை. 0800 பெரும்பாலும் போகாது. 03க்கு +44 போட்டு முதல் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். +44 0300 என்று சேமித்து வைத்துவிட்டு 'எண் தவறு' என்று திரும்புபவர்கள் பலர். சரியாகப் போட்டாலும் சில நாட்டு நிறுவனங்கள் இணைப்பதில்லை. இதற்காகவே துறைகள் சாதாரண ஊர் எண் ஒன்றைத் தனியாகக் கொடுத்திருக்கின்றன. பிரிட்டனில் உழைத்து ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருப்பவர்களுக்கான சர்வதேச ஓய்வூதிய மையம் +44 191 218 7777. வெளிநாட்டு அழைப்புக்குக் கட்டணம் வாங்கும் இணைய போன் செயலிகளில் லேண்ட்லைன் விலையிலேயே இதை அழைக்கலாம்; 03 எண்ணுக்குச் சில செயலிகள் கூடுதலாக எடுக்கின்றன, போடும் முன் விலைப்பட்டியலைப் பாருங்கள். மாறாக, ஊரிலிருந்து வந்து இந்திய, இலங்கை சிம்மை ரோமிங்கில் வைத்திருப்பவர்கள் 0800ஐ இலவசம் என்று நம்ப வேண்டாம். இங்கே ஒரு டாப்-அப் சிம் போட்டு அதிலிருந்து அழைத்தால் காசு போகாது.