ஐசியில் 75, கல்லில் 71: கிராம்ப்ஸோடு ஆறு வருஷம்

கிராம்ப்ஸ் என்ற இலவச வம்சாவளி மென்பொருளை 2019 முதல் பயன்படுத்துகிறேன். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் வீட்டு மேசையில் கிடக்கும் பழைய லேப்டாப்பில்தான் ஓடுகிறது, போனில் அப்படியே இயங்காது. மரம் வரைய எத்தனையோ செயலி இருக்கிறது, அழகாகவும் இருக்கும். எனக்குத் தேவைப்பட்டது வேறு. தாத்தாவுக்கு மூன்று பிறந்த வருஷம், மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு சண்டை போடவிட வேண்டும்.

தாத்தா 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்குக்கு வந்தவர். அடுத்த வருஷமே இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது, அதனால் கடைசிக் கூட்டத்தில் ஒருவர் என்று சொல்லலாம். தகரப் பெட்டியில் கிடந்த, அந்தப் பயணத்துப் பாஸில் வயது 16. அப்படியானால் 1921. அப்பாவின் சூராட் பெரானாவில் (பிறப்புப் பத்திரம்) தகப்பன் வயது 22 என்று இருக்கிறது, வருஷம் 2603. நான் முதலில் அதை ஏதோ ஃபைல் நம்பர் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஜப்பான்காரன் காலத்துப் பத்திரங்களில் அவர்கள் நாட்டு ஆண்டுக் கணக்கு இருக்கும், 660-ஐக் கழித்தால் நம் கணக்கு: 1943. சரி, 1921-உடன் ஒத்துப்போகிறது. ஆனால் ஐசியில் (அடையாள அட்டை) 1919. ஊழியர் சேமநிதியில் 1919. 1994-இல் எடுத்த இறப்புப் பத்திரத்தில் வயது 75, அதுவும் 1919. நிபோங் திபால் பக்கத்து மயானத்தில் உள்ள கல்லில் மட்டும் 71.

முதல் வருஷம் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். எண்ணிப் பார்த்தேன். 1919-க்கு மூன்று ஓட்டு, 1921-க்கு இரண்டு, கல்லுக்கு ஒன்று. 1919 என்று போட்டு முடித்துவிட்டேன். அதோடு நிற்காமல் ஓர் ஆன்லைன் மரத்திலும் ஏற்றினேன். அந்தத் தளம் அதே பேரும் அதே தகப்பன் பேரும் உள்ள வேறு யாரையோ தாத்தாவோடு ஒட்டிவைத்து, எங்களுக்குத் தைப்பிங்கில் சொந்தக்காரர்களை உருவாக்கிவிட்டது. குடும்பப் பெயர் இல்லாத நம் ஆட்களுக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கிராம்ப்ஸில் எனக்குப் பிடித்தது, ஓர் ஆளுக்கு எத்தனை பிறப்பு வேண்டுமானாலும் பதியலாம் என்பது. பட்டியலில் முதலில் இருப்பதைத்தான் அது கணக்குக்கு எடுக்கும், மற்றவை அழியாமல் கீழே கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்தது என்று ஆதாரம் இணைத்து, அதை எவ்வளவு நம்பலாம் என்று ஐந்து படியில் குறிக்கலாம். அந்தப் படியை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சேமநிதிக்காரர்கள் தாத்தாவைக் கேட்டா எழுதினார்கள்? ஐசியைப் பார்த்து எழுதினார்கள். இறப்புப் பத்திரமும் ஐசியைப் பார்த்துத்தான். மூன்று பத்திரம், ஒரே வாய்.

அந்த வாய் யாருடையது என்று கேட்டால் தாத்தாவுடையதுகூட இல்லை. மலாயாவில் அவசரகாலம் 1948-இல் தொடங்கியதும் எல்லாரையும் பதிந்து அடையாளக் கார்டு கொடுத்தார்கள், இவருடையது 1949-இல். பெரட்டுக் களத்தில் (தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் இடம்) மேசை போட்டு, வரிசையில் நிற்கவைத்து, கட்டைவிரல் உருட்டி, ஆளைப் பார்த்து ஒரு வயதை எழுதியிருக்கிறார்கள். 1949-இல் 1919 என்றால் 30. இந்த முழு எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வரவேண்டும். வயது தெரியாதவர்கள் 30, 35, 40 என்றே சொல்வார்கள் அல்லது எழுதப்படுவார்கள். மக்கள்தொகைக் கணக்கு ஆராய்கிறவர்கள் இதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0-விலும் 5-இலும் முடிகிறவர்கள் எவ்வளவு அதிகம் என்று பார்ப்பது. தாத்தா அந்த 0-வில் ஒருவர்.

1921-உம் அப்படியே. பாஸில் சொன்ன வயதை அவரே ஆறு வருஷம் கழித்து மகன் பிறப்பைப் பதியும்போது கூட்டிச் சொன்னார், அவ்வளவுதான். கப்பல் ஏறும்போது, சின்னப் பையன் என்று திருப்பி அனுப்பிவிடக்கூடாதே என்று வயதைக் கூட்டிச் சொன்னதாக வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கல்லைப் பற்றி விசாரிக்கப் பெரிய அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "கல்லுல 71 போடச் சொன்னது பாட்டிதான் தம்பி. ஐசியில 75 இருக்குன்னு உங்கப்பா சண்டை. பாட்டி ஒரே பேச்சு, ஐசி வயசு ஆபீஸுக்குலா, இவரு ருத்ரோத்காரி ஐப்பசியில பொறந்தவரு, 71 நடக்குதுன்னு."

அந்த "நடக்குது" முக்கியம். நம் பெரியவர்கள் சொல்வது நடப்பு வயது, பத்திரம் கேட்பது முடிந்த வயது, இதிலேயே ஒரு வருஷம் போய்விடும். ருத்ரோத்காரி 1923 ஏப்ரலில் தொடங்கியது, ஐப்பசி என்றால் அக்டோபர் - நவம்பர். 1994 மாசியில் அவர் இறந்தபோது முடிந்தது 70, நடப்பு 71. கச்சிதமாக விழுகிறது. எண்ணைப் போல வருஷப் பெயரை யாரும் 0-வுக்கு 5-க்கு உருட்ட முடியாது, அதனால் எனக்கு இதில்தான் நம்பிக்கை. தப்பினால் 60 வருஷம் தப்பும், அது உடனே தெரிந்துவிடும். ஆனால் நேர்மையாகச் சொன்னால் கல்லும் அத்தையின் ஞாபகமும் இரண்டு சாட்சி இல்லை, இரண்டும் பாட்டி. அதனால் ஐந்தில் நான்காம் படியோடு நிறுத்தினேன்.

கிராம்ப்ஸில் எரிச்சல் இங்கேதான். இஸ்லாமிய, யூத, பாரசீக நாட்காட்டி எல்லாம் தருகிறது, நம் அறுபது வருஷச் சுழற்சி கிடையாது. "பிட்வீன்" போட்டு இரண்டு ஆங்கிலத் தேதிகளுக்கு நடுவே என்று எழுதி, ருத்ரோத்காரியைக் குறிப்பில் வைக்கிறேன். இன்னொன்று: பத்திரத்தில் வயது மட்டும் இருந்தால் அதைப் பிறந்த வருஷமாக மாற்றி எழுதாதீர்கள். நிகழ்வுக்குள் வயது, தகப்பன் வயது, தாய் வயது என்று தனிப் புலம் இருக்கிறது, இருந்தபடி அங்கே போடுங்கள். நான் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் கழித்துக் கழித்து எழுதிவைத்துவிட்டு, பிறகு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

தரவைச் சரிபார்க்கும் கருவி ஒன்றும் உண்டு. ஓடவிட்டதும், பாட்டி 12 வயதில் அப்பாவைப் பெற்றதாக எச்சரித்தது. பாட்டியின் ஐசி 1931 என்கிறது! அத்தை சொல்லும் கணக்கில் தாத்தாவுக்கு மூன்று வயது இளையவர், அதாவது 1926. கார்டு எழுதிய கிராணி (குமாஸ்தா) தாத்தாவுக்கு ஏற்றியதைப் பாட்டியிடம் குறைத்துவிட்டார் போல. இந்தக் கருவி இல்லாவிட்டால் நான் அந்தக் கார்டை இன்னொரு முறை பார்த்திருக்கவே மாட்டேன்.

புதிய பெரிய பதிப்புக்கு மாறினால் தரவுத்தளத்தையும் மாற்றச் சொல்லும், மாற்றினால் பழைய பதிப்பில் திறக்காது. முன்னாடியே ஒரு நகல் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்களில் இதுவரை தொந்தரவு இல்லை.

1974-இல் 55 ஆகிவிட்டது என்று தாத்தாவைத் தோட்டத்தில் நிறுத்திவிட்டார்கள், சேமநிதிப் பணமும் கைக்கு வந்தது. பாட்டி கணக்கில் அப்போது அவருக்கு 50. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் ஒரு மரக்கடையில் இரவுக் காவல் பார்த்தார். அந்த வரியையும் கிராம்ப்ஸில் ஏற்றிவிட்டேன், ஆதாரம்: அத்தை, கீரை ஆயும்போது சொன்னது.