ஜெயண்ட்ஸ் மெம்பர்ஷிப்: மேற்கு சிட்னியிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் புதிதாகக் குடிவந்த யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார்: "அண்ணா, அந்த ஆரஞ்சு கலர் டீம் மெம்பர்ஷிப் எடுக்கலாமா? பசங்களுக்குப் பிடிக்குமா?" கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜெயண்ட்ஸ் 2012-ல் ஏஎஃப்எல்-லில் (ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக்) 18-ஆவது அணியாக நுழைந்த காலத்திலிருந்து நான் மெம்பர். தெருமுனையில் நின்று பாதி பதில் சொல்லிக்கொண்டிருப்பதற்கு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் கிரிக்கெட் ஓவலில் ஆடுவது. ஒரு பக்கத்துக்கு 18 பேர், நான்கு குவார்ட்டர். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், 6 பாயிண்ட். ஓரத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 பாயிண்ட். பந்தைத் தூக்கி எறியக் கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். 15 மீட்டருக்கு மேல் வந்த உதையைக் கீழே விழுமுன் பிடித்துவிட்டால் அது மார்க். அதன்பிறகு நிதானமாக உதைக்கலாம். ஆஃப்சைடு என்ற பேச்சே கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஊரில் இப்படி ஒரு கிளப் ஏன்? ஆஸ்திரேலியாவைக் குறுக்கே வெட்டும் 'பராசி கோடு' என்று ஒரு கற்பனைக் கோடு சொல்வார்கள். பெரிய ஆட்டக்காரர் ரான் பராசியின் பெயரை வைத்து 1978-ல் இயன் டர்னர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் போட்ட கோடு அது. அதற்குத் தெற்கிலும் மேற்கிலும் இருப்பவர்களுக்கு இந்த ஃபூட்டிதான் (ஆஸ்திரேலியன் ரூல்ஸின் செல்லப் பெயர்) உயிர். வடக்கிலும் கிழக்கிலும், அதாவது சிட்னியிலும் பிரிஸ்பேனிலும், ரக்பி. கோட்டைத் தாண்டிக் கால் ஊன்ற லீக் ஒரே மூச்சில் இரண்டு கிளப்புகளை இறக்கியது: 2011-ல் கோல்ட் கோஸ்ட் சன்ஸ், அடுத்த வருடம் நாங்கள். 18 அணி என்றால் வாரத்துக்கு ஒன்பது ஆட்டம். 2012 முதல் 2016 வரைக்கும் டிவி உரிமம் 125 கோடி டாலருக்குப் போனதில் அந்த ஒன்பதாவது ஆட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆக, நாங்கள் தோற்றாலும் ஜெயித்தாலும் கணக்கு நேராகத்தான் இருந்தது. மெம்பர் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குத்தான் அது கொஞ்சம் உறுத்தும்.

ரக்பி ஊரில் ஃபூட்டி விற்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ரக்பி நட்சத்திரங்களையே விலைக்கு வாங்குவது. சன்ஸ் கார்மைக்கேல் ஹன்ட்டை எடுத்தார்கள். பிரிஸ்பேன் பிராங்கோஸோடு 2006-ல் ரக்பி லீக் பட்டம் வென்றவர். ஜெயண்ட்ஸுக்கு வந்தவர் இஸ்ரேல் ஃபொலாவ். நான்கு வருடம், ஏறக்குறைய 60 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் காலத்தில் எங்கள் ஆபீசில் ஃபூட்டி பற்றி வாயே திறக்காத ரக்பிக்காரர்கள்கூட ஃபொலாவைப் பற்றிப் பேசினார்கள். விளம்பரத்துக்குத்தான் அந்தப் பணம் என்றால், அந்த வேலை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆட்டம் வேறு கதை. நெட்டையான உடம்பு, அபாரமான எகிறல். ரக்பியில் உயரே வரும் பந்தைப் பறிப்பதில் அவருக்கு இணை கிடையாது. அப்படிப்பட்டவர் கோலுக்கு முன்னால் நின்று மார்க் பிடிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். டிவியில் பார்த்தால் பந்து அவர் கைக்கு வராதது மட்டும்தான் தெரியும். மைதானத்தில் உட்கார்ந்து அவரை மட்டும் பத்து நிமிடம் கவனித்தால் காரணம் புரியும். ரக்பியில் எதிரணி எப்போதும் முன்னால்தான். உன் ஆள் பின்னால். இங்கே ஆஃப்சைடு இல்லாததால் நாலா பக்கமும் ஆட்கள். பந்து நூறு மீட்டர் தள்ளி இருக்கும்போதே, அது எந்த வழியாக வரும் என்று ஊகித்து ஓட ஆரம்பிக்க வேண்டும். சிறு வயதிலிருந்து ஆடியவன் யோசிக்காமலே ஓடுவான். ஃபொலாவ் யோசித்தார், யோசித்து முடிப்பதற்குள் பந்து வேறு பக்கம் போய்விடும். தன்னை விட ஒரு சாண் குள்ளமான பையன் முன்னால் வந்து முதுகைக் கொடுத்து இடத்தைப் பிடித்துக்கொள்வான். முயற்சியில் குறை இல்லை, பாவம். ஆனால் 13 ஆட்டம், 2 கோல், அத்தோடு 2012 முடிவில் கிளம்பிவிட்டார். போய் ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி யூனியனில் சேர்ந்து, 2014-ல் வாராட்டாஸ் அணியோடு சூப்பர் ரக்பி பட்டம் வாங்கினார். திறமை எங்கேயும் போகவில்லை; வேலைதான் வேறு.

ஹன்ட் கொஞ்சம் தாக்குப்பிடித்தார், 44 ஆட்டம். டேக்கிள் போடுவதில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. 2012-ல் கெய்ர்ன்ஸில் ரிச்மண்டுக்கு எதிராக ஆட்டம் முடியும் சைரன் அடித்த பிறகு அவர் போட்ட கோலில் சன்ஸ் 2 பாயிண்டில் ஜெயித்தது. ரக்பி ஆட்கள் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு காட்சியை எடுத்து வைக்கச் சொன்னால் நான் அதைத்தான் எடுப்பேன். எங்கள் கிளப்பில் நடக்கவில்லையே என்ற பொறாமை இன்னும் இருக்கிறது.

இப்போது முதல் இரண்டு வருடம். கெவின் ஷீடி கோச். எசெண்டன் கிளப்புக்கு நான்கு பட்டம் வாங்கிக் கொடுத்த மனிதர். கையில் இருந்ததோ பள்ளிக்கூடம் முடித்த பையன்கள். 2012-ல் இரண்டு வெற்றி. முதலாவது கான்பெராவில், நம்மைப் போலவே புதிதான சன்ஸை அடித்தது. 2013-ல் ஒரே ஒரு வெற்றி, மெல்போர்ன் அணிக்கு எதிராக. நூறு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்பது எல்லாம் சகஜம். அரங்கத்தில் பாதி காலி, இருக்கும் பாதியில் எதிரணி ஸ்கார்ஃப்தான் அதிகம். ஆனால் ஒன்று: கைக்குழந்தையோடு போகிறவனுக்கு அதைவிடச் சௌகரியம் கிடையாது. கால் நீட்டி உட்காரலாம், வேலியை ஒட்டி நிற்கலாம், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைப்பது காதில் விழும். ஆட்டத்தை நான் கற்றுக்கொண்டதே அந்தக் கூவல்களைக் கேட்டுத்தான்.

இந்த மெம்பர்ஷிப்பில் எனக்குப் பெரிய குறை தோல்வி அல்ல. வளர்த்துவிட்ட பிள்ளைகள் கிளம்பிப் போவதுதான். புது கிளப் என்பதால் டிராஃப்டில் (கிளப்புகள் வரிசைப்படி இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) நல்ல பையன்களாக அள்ளிக் கொடுத்தார்கள். 2011, 2012, 2013 மூன்று வருடமும் முதல் தேர்வு எங்களுக்கே. அதில் 2013-ன் டாம் பாய்ட் ஒரே சீசனில் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் போய்விட்டார். 2016-ல் நாங்கள் முதல் முறையாக ஃபைனல்ஸுக்குள், அதாவது சீசன் முடிவில் முன்னணி அணிகள் மோதும் சுற்றுக்குள், நுழைந்து, முதல் ஆட்டத்தில் பக்கத்து வீட்டு சிட்னி ஸ்வான்ஸை அடித்து, பிரிலிமினரி ஃபைனல் (அரையிறுதி மாதிரி) வரைக்கும் போனோம். சொந்த மைதானத்தில் 6 பாயிண்டில் தோற்றது யாரிடம்? அதே புல்டாக்ஸிடம். அடுத்த வாரம் கிராண்ட் ஃபைனலில், அதாவது இறுதி ஆட்டத்தில், மூன்று கோல் போட்டுப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் அதே பாய்ட். அப்புறம் ஜெரமி கேமரன்: 2019-ல் லீக்கிலேயே அதிக கோல் போட்டவர், 2020 முடிந்ததும் ஜீலாங் போனார், 2022-ல் பட்டம் வாங்கினார். பையனுக்கு ஜெர்சி வாங்கும்போது முதுகில் யாருடைய நம்பர் என்று நான் இப்போதெல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்கிறேன். டோபி கிரீன் நம்பர் வாங்கினால் பயமில்லை. முதல் சீசனிலிருந்து இருக்கிறார், இப்போது கேப்டன்.

வேறு ஆட்டத்திலிருந்து வந்தவர்களே சரிப்படமாட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. சத்தமில்லாமல் வந்தவர்கள் நின்றார்கள். ஃபொலாவ் ஆடிய அதே 2012-ல், அதே அணியில், டீன் ப்ரோகன் என்ற ரக் ஆட்டக்காரர் இருந்தார். அடிலெய்டு 36ர்ஸோடு கூடைப்பந்து பட்டமும் 2004-ல் போர்ட் அடிலெய்டோடு ஃபூட்டி பட்டமும் வென்றவர். நடு மைதானத்தில் அம்பயர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பும்போது எகிறித் தட்டுவதுதான் ரக்கின் வேலை. கூடைப்பந்து ஆடியவனுக்கு அது புதிது அல்ல. கிளப் வைத்த சுவரொட்டிகளில் அவர் முகத்தைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

அமெரிக்கர் மேசன் காக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 211 செ.மீ. உயரம், ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து. மூன்று வருடமாக ஃபூட்டி போட்டியில் பதிவு செய்யாதவர்களை டிராஃப்ட் இல்லாமலே கேட்டகரி பி ரூக்கியாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. அந்த வாசல் வழியாகத்தான் காலிங்வுட் அவரை எடுத்தது. சம்பளம் குறைவு, எதிர்பார்ப்பும் குறைவு. ரிசர்வ் அணியில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள நேரம் கிடைத்தது. 2018 பிரிலிமினரி ஃபைனலில் ரிச்மண்டை ஒற்றை ஆளாகக் கதறவிட்டார்; 2023-ல் பட்டம். அயர்லாந்துக்காரர்கள் இன்னும் பழைய கதை. ஜிம் ஸ்டைன்ஸ் 1991-ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கமே வாங்கினார். ஸாக் டூஹி 288 ஆட்டம் ஆடினார். அவர்கள் ஊர் ஆட்டமான கேலிக் ஃபுட்பாலில் பந்து உருண்டை. ஆனால் ஓடிக்கொண்டே கையிலிருந்து விட்டு உதைப்பதும், உயரே போகும் பந்தைப் பறிப்பதும், வெட்டவெளியில் இடம் தேடுவதும் அங்கேயும் உண்டு. பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

எங்கள் கிளப்பில் அப்படி வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தது கோரா ஸ்டான்டன். அயர்லாந்தின் மேயோ கவுண்டிக்காக கேலிக் ஃபுட்பாலில் நான்கு ஆல் அயர்லாந்து பட்டம் வென்றவர், 2018-ல் 36 வயதில் ஜெயண்ட்ஸ் பெண்கள் அணிக்கு வந்தார். பிளாக்டவுன் மைதானத்தில் அவர் கோலுக்கு உதைப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். ஓட்டத்தைக் குறைக்கவே மாட்டார். பந்து கையை விட்டு விழும் தூரம் ஒரு முழம்கூட இருக்காது, அதற்குள் கால் வந்துவிடும். பக்கத்தில் நின்ற என் மகள், "அப்பா, அந்த ஆன்ட்டி உதைச்சா சத்தமே வேற மாதிரி இருக்கு" என்றாள். உண்மைதான். ரியோ ஒலிம்பிக்கில் ரக்பி செவன்ஸ் தங்கம் வென்ற க்ளோயி டால்டனும் கார்ல்டனிலிருந்து பின்னர் இங்கே வந்தார். பெண்கள் ஆட்டம் தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது. பெண் குழந்தை உள்ள வீடென்றால், ஆண்கள் ஆட்டத்துக்கு முன்பே அங்கே கூட்டிப் போங்கள்.

2019 கிராண்ட் ஃபைனலைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: ரிச்மண்ட் 114, நாங்கள் 25. 2023 பிரிலிமினரி ஃபைனலில் காலிங்வுட்டிடம் ஒரே ஒரு பாயிண்டில் போனது. 2024-ல் பிரிஸ்பேனுக்கு எதிராக 44 பாயிண்ட் முன்னிலையில் இருந்துவிட்டு 5 பாயிண்டில் தோற்றோம். சொந்த மைதானத்தில். முன்பு நூறு பாயிண்டில் தோற்றபோது வராத தூக்கக்கேடு இப்போது வருகிறது. அதை முன்னேற்றம் என்றுதான் கணக்கில் வைக்க வேண்டும்.

நடைமுறை விஷயங்கள். மார்ச், ஏப்ரலில் எங்கள் வீட்டு மைதானமான ஒலிம்பிக் பார்க் மைதானம் ஈஸ்டர் ஷோ கண்காட்சிக்குப் போய்விடும்; சீசன் தொடக்கத்தில் சில வாரம் வீட்டு ஆட்டம் இருக்காது. சில வீட்டு ஆட்டங்கள் கான்பெரா மனுகா ஓவலில். பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் கார் ஓட்டத் தயார் என்றால் மட்டும் அவற்றை எண்ணிக்கையில் சேருங்கள். குளிர் சாதாரணம் இல்லை. 2019 ஆகஸ்டில் அங்கே பனி கொட்டக் கொட்ட ஆடினார்கள். ஒலிம்பிக் பார்க்குக்கு ரயிலில் போனால் லிட்காம்பில் மாற வேண்டும். வார இறுதியில் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்; பஸ்ஸில் ஏற்றிவிட்டால் முதல் குவார்ட்டர் போச்சு. மதிய ஆட்டத்துக்கு மேற்கு பார்த்த சீட் வேண்டாம், குளிர்கால வெயில் கண்ணிலேயே அடிக்கும். உள்ளே சாப்பாடு விலை அநியாயம், ருசியும் சுமார். புளியோதரை டப்பாவை யாரும் தடுத்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை உள்ளே இறங்கிப் பந்து உதைக்க விடும் நாட்களில் பந்தை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

சன்ஸ் 2025-ல்தான் முதல் முறை ஃபைனல்ஸ் பார்த்தார்கள், ஃப்ரீமாண்டிலை ஒரு பாயிண்டில் அடித்து. அடுத்து 19-ஆவது அணி டாஸ்மேனியா டெவில்ஸ். 2028-ல் இறங்குவதாகத் திட்டம். அவர்கள் 10 டாலருக்கு ஆரம்ப மெம்பர்ஷிப் திறந்தபோது 2 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே ஆறு லட்சத்துக்கும் குறைவு! அங்கே யாரும் ரக்பி நட்சத்திரத்தைக் காட்டி ஆள் பிடிக்க வேண்டியதில்லை. இங்கே ஆட்களை ஒவ்வொருவராகத்தான் சேர்க்க முடிகிறது.

மெம்பர்ஷிப் எடுக்கலாமா என்றால்: பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால், வீடு பரமட்டாவைச் சுற்றி இருந்தால், தாராளமாக எடுங்கள். மெல்போர்னில் இருந்து மாறி வந்தவர், ஏற்கெனவே காலிங்வுட்டோ எசெண்டனோ பிடித்துவைத்திருக்கிறார் என்றால் முழு சீசன் வேண்டாம். மூன்று ஆட்டச் சீட்டு போதும். வேலிப் பக்கத்து வரிசைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், பிப்ரவரிக்குள் முடிவு செய்துவிடுங்கள்.