கேட்பரியும் ஃபெரேரோவும்: இரு குடும்பங்கள், இரு வழிகள்

1824-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரப் புல் தெருவில் தேயிலை, காப்பியுடன் பருகும் சாக்லேட்டையும் விற்கத் தொடங்கிய ஜான் கேட்பரி, அதை மதுவுக்கு மாற்றாகக் கருதிய குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1879-இல் அவருடைய மகன்கள் போர்ன்வில்லில் தொழிற்சாலை அமைத்தனர், பின்னர் தொழிலாளர் நலனையும் கருதி அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பில் மதுக்கடைக்கு இடமே தரப்படவில்லை.

இத்தாலியின் ஆல்பா நகரில் 1946-இல் நிறுவனம் தொடங்கிய பியெத்ரோ ஃபெரேரோவுக்கோ கொள்கையைவிடத் தட்டுப்பாடே வழிகாட்டியது: போருக்குப் பின் கொக்கோ அரிதாகிவிட, அவ்வட்டாரத்தில் தாராளமாக விளைந்த ஹேசல் கொட்டையை அரைத்துச் சேர்த்து, கத்தியால் அரிந்து ரொட்டியோடு உண்ணும் கட்டியாக விற்றார். அந்தக் கட்டி பின்னர் தடவும் பதத்துக்கு இளகி, மகன் மிக்கேலேயின் காலத்தில், 1964-இல், நுட்டெல்லா ஆயிற்று.

தொழிலாளர் வாழ்வை எண்ணிப் பார்த்த வகையில் கேட்பரியின் வரலாறே எனக்குக் கனமாகத் தோன்றுகிறது. எனினும் அந்நிறுவனம் 1969-இல் ஷ்வெப்ஸ் என்னும் குளிர்பான நிறுவனத்துடன் இணைந்து, 2010-இல் அமெரிக்க உணவு நிறுவனமான கிராஃப்ட் வசம் போய்விட்டது. ஃபெரேரோவோ பங்குச் சந்தைப் பக்கமே போகாமல் இன்றும் குடும்பத்தின் கையில் இருக்கிறது.