லாங் பஜார் சந்தில் பழைய இரும்புக் கார்கள்

வேலூர் லாங் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைகளைத் தாண்டியதும், பத்தடி அகலம்கூட இல்லாத பழைய பொருள் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் பித்தளைக் கூஜாக்களும் பழுதான ரேடியோக்களும்தான் கண்ணில் படுகின்றன என்பதால், உள்ளே சுவரோரக் கண்ணாடி அலமாரியில் விரல் நீளப் பொம்மைக் கார்கள் வரிசையாக நிற்பது தெரியாமலேயே பலரும் கடந்துபோகிறார்கள். ஓராண்டாக அங்கே போய்வருகிறேன். பதினொரு கார்கள் வாங்கியிருக்கிறேன்.

சிறு வயதில் நாங்கள் இவற்றை இரும்புக் கார் என்றுதான் சொல்வோம். உண்மையில் அது இரும்பு அல்ல. துத்தநாகத்துடன் ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் கலந்த கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது. உள்ளங்கையில் வைத்ததும் உணரும் அந்தக் கனமும் குளிர்ச்சியும் பிளாஸ்டிக் காரில் ஒருநாளும் கிடைத்ததில்லை. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் அப்பா கணக்கு எழுதினார். ஏற்றுமதி வேலையாக ஜெர்மனி போய்த் திரும்பிய முதலாளி ஒருமுறை எனக்குக் கொடுத்தனுப்பிய சிவப்பு மாடிப் பேருந்து, மேட்ச்பாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பொம்மை வண்டி வரிசையில் 5-ஆம் எண், வீடு மாறியபோது தொலைந்துபோனது. இந்தக் கடையின் சரக்கும் பெரும்பாலும் அதே வழியில் வந்ததுதான்: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் வணிகக் குடும்பங்களின் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது, பரணிலிருந்து இறங்கும் தகரப் பெட்டிகளை மொத்தமாக வாங்கிவருவதாகக் கடைக்காரர் சொன்னார். அறுபது வயதைக் கடந்த அவரை எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள்.

அலமாரியில் மிகுதியாக இருப்பவை லண்டனின் லெஸ்னி நிறுவனம் வார்த்த மேட்ச்பாக்ஸ் வண்டிகள். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று மகளின் பள்ளியில் விதி இருந்ததால், லெஸ்னியின் பங்குதாரர் ஜாக் ஓடல் பித்தளையில் ஒரு சிறு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். 1953-இல் அந்த வரிசையே அதிலிருந்துதான் பிறந்தது. 1968-இல் ஹாட் வீல்ஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கார்கள் வந்து, வேகமாக உருளும் சக்கரங்களால் சந்தையைப் பிடித்துக்கொண்டதும், மறு ஆண்டே லெஸ்னியும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரங்களுக்கு மாறியது. 1982-இல் நிறுவனம் நொடித்துப்போனது. ஆகவே வண்டியைத் திருப்பி, அடித்தட்டில் லெஸ்னி, இங்கிலாந்து என்ற எழுத்துகளைப் பார்த்தாலே அதன் காலம் ஓரளவு தெரிந்துவிடும். டிங்கி என்ற இன்னொரு ஆங்கிலேயப் பொம்மைக் கார் வரிசையின் அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் தயாரான நிக்கி டாய்ஸ் கார்களும் இங்கே இரண்டு இருந்தன. நான் முடிவெடுப்பதற்குள் விற்றுவிட்டன.

கடையின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது அலமாரியை அவர் பிரித்திருக்கும் முறை. மேல்தட்டில் எதுவும் தொடப்படாத வண்டிகள். நடுத்தட்டில் சக்கரமோ ஸ்டிக்கரோ மாற்றியவை. கீழ்த்தட்டில் மறுபடி பெயிண்ட் அடித்தவை. ஒவ்வொன்றின் கீழும் என்ன மாற்றப்பட்டது என்று எழுதிய துண்டுச் சீட்டு இருக்கிறது. இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். இணையத்தில் ஒருவரிடம் அசல் என்று நம்பி ஒரு பச்சைக் காருக்கு 1,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன் நான். கதவுக் கோட்டின் பள்ளத்தில் பெயிண்ட் தேங்கியிருந்தது. அடித்தட்டை உடலோடு பிணைக்கும் ரிவெட்டின் தலையைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். விற்றவர் அதன் பிறகு பதிலே அளிக்கவில்லை. பாயிடம் அந்தக் காரைக் காட்டியபோதுதான், அசல் ரிவெட்டின் தலை விரிந்து வழவழப்பாக இருக்கும் என்பதை, ஒரு லென்ஸைக் கையில் கொடுத்து, இரண்டு கார்களை அருகருகே வைத்துக் கற்றுத் தந்தார்.

விலை நியாயமானது. தேய்ந்த லெஸ்னி வண்டிக்கு 600 முதல் 900 ரூபாய் வரை கொடுத்திருக்கிறேன். பெயிண்ட் அடித்தவை 250-க்கே கிடைக்கின்றன. பேரம் பேசினால் சிறிது இறங்குவார். குறைகளும் உண்டு. புதிதாக வந்த வண்டிகளைப் பிரம்புக் கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி வைப்பதால், இத்தனை காலம் தப்பிய பெயிண்ட் அங்கே உரசி உதிர்கிறது. இதை அவரிடமே இருமுறை சொல்லிவிட்டேன். வெளிச்சம் போதாது, வண்டியை வாசலுக்கு எடுத்துவந்துதான் பார்க்க வேண்டும், அதற்கு அவர் தடை சொல்வதில்லை. ரசீது தருவதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் கடை மூடியிருக்கும்.

கடந்த மாதம் நடுத்தட்டில் அந்த 5-ஆம் எண் பேருந்தைக் கண்டேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, "பக்கத்துல இருக்கிற ஸ்டிக்கர் புதுசு தம்பி, நான் ஒட்டுனது. பாத்து வாங்குங்க" என்றார் பாய். 750 ரூபாய் கொடுத்தேன். ஸ்டிக்கரை உரித்துத் தர முடியுமா என்று கேட்டதும் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்துத் தந்தார். என் பேருந்திலும், நான் விளையாடி விளையாடி, அந்த இடம் வெறும் சிவப்பாகத்தான் இருந்தது.