அம்மாவோடு ஐந்து ஆண்டுகள், 43 அங்குலத் திரை

2020-ஆம் ஆண்டு இறுதியில், ஊரடங்கு தளர்ந்திருந்த நாட்களில், கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 43 அங்குலத் தொலைக்காட்சியை மாட்டினோம். அம்மாவுக்கு அப்போது வயது 71. இடது காது ஏறக்குறைய மந்தம், வலது காது பாதி. பார்வை மட்டும் கூர்மை; நாளிதழை முதல் பக்கத்திலிருந்து நினைவஞ்சலி வரை ஒரு வரி விடாமல் படிப்பார். தியேட்டருக்குப் போவதை எப்போதோ விட்டுவிட்டார். அதனால் இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுத் திரைதான் எங்களுக்குத் தியேட்டர். இந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை நான் ஒரே அளவுகோலால் அளக்கப் பழகிவிட்டேன்: அம்மா எத்தனை முறை "என்ன சொன்னான்?" என்று கேட்கிறார்?

முதலில் தோற்றது ஒரு துப்பறியும் தொடர். பெயர் வேண்டாம். விசாரணைக் காட்சிகள் முழுவதும் கிசுகிசுப்பு, அடுத்த நொடியே காதைக் கிழிக்கும் முரசு. ஒலியை நாற்பதுக்கு ஏற்றுவேன். முரசு வந்ததும் பதினைந்துக்கு இறக்குவேன். இரண்டாம் பாகத்திலேயே அம்மா எழுந்து போய்விட்டார். சரி, சப்டைட்டில் வைக்கலாம் என்று பார்த்தால் ஆங்கிலம் மட்டுமே இருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர் அவர். "தமிழ்ப் படத்துக்குக் கீழே இங்கிலீஷ் ஓடுகிறதே, இது யாருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தொடரை வெளியிட்ட ஓடிடி சேவைக்கு இரண்டு முறை எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது, வேறொன்றும் மாறவில்லை. காது மங்கிய, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எத்தனை பேர் இப்படி வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

வசனம் கேட்காமல் போவதற்கு அம்மாவின் காது மட்டும் காரணம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கரும் கனத்த ஒலிக்குத் தனியாக ஒன்றும் கொண்ட ஒலியமைப்பு. அதில் பேச்சின் பெரும்பகுதி முன்பக்கத்து நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. இசையும் மற்ற சத்தங்களும் சுற்றியிருக்கும் ஸ்பீக்கர்களுக்குப் பிரிகின்றன. எங்கள் தொலைக்காட்சியில் இருப்பதோ கீழே பார்த்தபடி இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். எல்லாமே அந்த இரண்டுக்குள் வந்து விழும்போது பேச்சை இசை மூடிவிடுகிறது. செட்டிங்கில் 5.1-ஐ மாற்றி ஸ்டீரியோ வைத்தேன், குரலைத் தெளிவாக்கும் வசதியையும் போட்டேன், கொஞ்சம் தேறியது. ப்ளூடூத் ஹெட்போன் சரிவரவில்லை. உதடு அசைந்த பிறகு குரல் வந்தது, அதோடு கூடத்தில் இருந்த மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல் போனது. 2022-இல் நடு ஸ்பீக்கர் தனியாக உள்ள சவுண்டுபார், அதாவது திரைக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டி, ஒன்று வாங்கினோம். அன்றிலிருந்து "என்ன சொன்னான்?" பாதியாகக் குறைந்தது. வீட்டில் முதியவர் இருந்தால் பெரிய திரைக்குச் செலவிடும் பணத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்பேன்.

ஆனால் எந்தக் கருவியும் இல்லாமலே அம்மாவிடம் வந்து சேர்ந்த படம் ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் வெளிவந்த மலையாளப் படம், ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. தேவைப்படவும் இல்லை. காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, எச்சில் தட்டு எடுப்பது, தொட்டி கழுவுவது, மறுநாள் மறுபடியும் அதுவே. பின்னணி இசை குறுக்கே வருவதே அரிது. தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, கணவன் ஆளைக் கூப்பிட மறந்துகொண்டே இருக்கிறான். அன்று படம் முழுவதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "குழாய்க்கு ஆளைக் கூப்பிட்டானா இல்லையா?" அந்த அழுக்குத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'மண்டேலா' படத்தை ஓடிடியில் அல்ல, தொலைக்காட்சிச் சேனலிலேயே பார்த்தோம். 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஒளிபரப்பினார்கள். ஒரே ஒரு ஓட்டுக்காக ஊரே ஒருவனைச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போனது நல்ல அனுபவம்.

மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' எங்கள் வீட்டில் மூன்று முறை ஓடிவிட்டது. மெதுவாகப் போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. மெதுவாகத்தான் போகிறது, அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. மாயாண்டியாக வரும் நல்லாண்டி தொழில்முறை நடிகர் அல்லர், உண்மையிலேயே விவசாயி. ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துகிறார், பிறகே அடுத்தது வருகிறது. அந்த இடைவெளியில் அம்மாவுக்கு எல்லாம் பிடிபட்டுவிடுகிறது. பெரியவர் பொய் வழக்கில் அடைபட்டுக் கிடக்க, அவருடைய பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும்படி நீதிபதி போலீசாருக்கு உத்தரவிடும் இடத்தில் அம்மா ஒவ்வொரு முறையும் "அது நியாயம்" என்கிறார். 2022 பிப்ரவரியில் படம் வெளிவந்தபோது நல்லாண்டி உயிரோடு இல்லை. இதை நான் சொன்ன அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

கடைசியாக 'அயலி'. 2023 குடியரசு தினத்தன்று வந்த எட்டுப் பாகத் தொடர், நாளுக்கு இரண்டாக நான்கு நாளில் முடித்தோம். 1990-ஐ ஒட்டிய காலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளி நின்றுவிடும், கல்யாணம் வந்துவிடும். டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே ஊரிடமிருந்து மறைக்கிறாள். சில இடங்களில் கதை பாடம் எடுக்கிறது, வில்லத்தனமும் கொஞ்சம் கூடுதல். ஆனால் தாயும் மகளும் அந்த ரகசியத்தைச் சுமக்கும் காட்சிகளில் ஒரு பொய்யும் இல்லை.

முதல் நாள் இரண்டு பாகம் முடிந்ததும் ரிமோட்டை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். 1962-இல் அவருடைய படிப்பு எதனால் நின்றது என்று எனக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

"மறைத்திருக்கலாம், இல்லையா? எனக்கு அந்த யோசனை வரவே இல்லை" என்றார். பிறகு, அடுத்த பாகத்தைப் போடச் சொன்னார்.