துளசியா, தூதுவளையா, கற்பூரவல்லியா? மழைக்காலத்துக்கு எந்தத் தொட்டி?

சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, வாடகை வீடு. வடக்குப் பார்த்த பால்கனியில் பாதியை ஏசியின் வெளிப்பெட்டி பிடித்துக்கொண்டது. மிச்சத்தில் 3 தொட்டி வைக்கலாம், அவ்வளவுதான். ஐப்பசி பிறந்ததும் சின்னவளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பிக்கும், அடுத்த வாரம் பெரியவனுக்கு, அப்புறம் எனக்கு. அதனால் தொட்டி என்றால் சளிக்கு ஆகிற செடிதான் என்று முடிவு செய்து, துளசி, தூதுவளை, கற்பூரவல்லி மூன்றையும் வளர்த்துப் பார்த்தாயிற்று. இன்று மூன்று தொட்டியிலும் கற்பூரவல்லி. எனவே இதை நடுநிலையான அலசல் என்று நம்பிப் படிக்க வேண்டாம்.

எதற்குக் குணம் அதிகம் என்ற பேச்சை நீட்டப் போவதில்லை. துளசியில் கிராம்பில் இருக்கும் அதே யூஜினால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. கற்பூரவல்லியில் தைமாலும் கார்வக்ராலும். ஓம வாசம் அதிலிருந்து வருவதுதான், ஓமவல்லி என்ற பெயரும் அப்படி வந்ததே. தூதுவளை கத்தரிக்காய்க்குச் சொந்தக்காரச் செடி. தொண்டைக்கு மூன்றும் இதம் தரும், ஒரே ராத்திரியில் சளியை எதுவும் விரட்டாது. காய்ச்சல் விடாமல் அடித்தாலோ மூச்சு இரைத்தாலோ எங்கள் வீட்டில் தொட்டிப் பக்கம் போவதில்லை, நேராக டாக்டர்தான். மழைக்காலம் டெங்குவுக்கும் காலமாயிற்றே.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. இருமல் வருகிற மாசத்தில், வருகிற நேரத்தில், செடியில் இலை இருக்குமா?

துளசி இதில்தான் என்னைக் கவிழ்த்தது. சித்திரைக் கடைசியில் நட்டேன். ஆடி வரைக்கும் என்ன செழிப்பு! அந்த மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் எங்கள் பால்கனிக்கும் வெயில் விழும். புரட்டாசிக்குப் பிறகு சூரியன் தெற்கே போய்விடும். வடக்குப் பால்கனியில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க நிழல், மேலே மழை மூட்டம் வேறு. துளசிக்கு வெயில் இல்லாமல் ஆகாது. பூக்கதிர்களை வாரம் ஒரு தடவை கிள்ளிவிடாவிட்டால் பூத்துக் காய்த்து, தண்டு விறகாகி, இலை மொச்சைக் கொட்டை அளவுக்குச் சிறுத்துப்போகும். நான் 2 வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது மிஞ்சியது குச்சிதான்.

நேரமும் ஒரு சிக்கல். பிள்ளைகளுக்கு இருமல் ராத்திரி 11 மணிக்குத்தான் வரும். அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தபோது டார்ச்சோடு பால்கனிக்குப் போனேன். "பொழுதடைஞ்ச பெறகு துளசியில கை வைக்காதய்யா" என்று தடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமையும் கூடாது, துவாதசியும் கூடாது. நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. அம்மா இருக்கும் வீட்டில் பிரச்சினைதான்.

தூதுவளையைப் பற்றி அளந்துதான் பேச வேண்டும். நான் வைத்திருந்தது 8 மாதம், அதுவும் தொட்டியில். ருசியில் அதற்குத்தான் முதல் பரிசு. நெய்யில் வதக்கி, மிளகும் புளியும் வைத்து அரைத்த துவையலைப் பிள்ளைகள் மருந்தென்றே தெரியாமல் சாப்பிட்டார்கள். ஆனால் அது கொடி. தண்டிலும் இலை நரம்பிலும் கொக்கி மாதிரி வளைந்த முள். துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்து ஏறி, என் மனைவியின் புடவையைக் கிழித்த அன்றே அதன் கணக்கு முடிந்தது. ஒரு கைப்பிடி இலைக்கு முள் ஆய 20 நிமிஷம் ஆகும். காம்பவுண்டு ஓரமாக 2 அடி மண் இருக்கிறவர்கள் வேலியில் ஏற்றிவிட்டுப் பாருங்கள், உங்கள் அனுபவம் நல்லதாகவே அமையலாம்.

ஆடாதோடையையும் சேர்க்கச் சொல்வார்கள். ஆடுகூடத் தொடாத கசப்பு என்பதால் வந்த பெயர். இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் உருவானதே இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான். ஆனால் அது ஆள் உயரப் புதர், தொட்டிக்கு அடங்காது. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடவும் கூடாது.

இனி நம்மாள். ஒரு எச்சரிக்கை: காய்கறிக் கடையில் கற்பூரவல்லி என்று கேட்டால் வாழைப்பழத்தைத் தருவார்கள். நர்சரியில் ஓமவல்லி என்று கேளுங்கள். காசு கொடுக்கவும் அவசியமில்லை, தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும். 4 விரல் நீளத்துக்கு ஒரு கிளையை ஒடித்து, அடியிலைகளைக் கிள்ளி, அரை நாள் நிழலில் போட்டு, மண்ணில் செருகினால் போதும். விதையும் வேண்டாம், முழு வெயிலும் வேண்டாம். எங்கள் நிழல் பால்கனியில் தண்டு கொஞ்சம் நீண்டு சாய்கிறது, ஆனாலும் கார்த்திகையில் உள்ளங்கை அகலத்துக்கு இலை நிற்கிறது. ராத்திரி எத்தனை மணிக்குப் பறித்தாலும் அம்மா ஒன்றும் சொல்வதில்லை.

பறித்ததும் நன்றாகக் கழுவுங்கள், இலையின் ரோமத்தில் தூசி ஒட்டியிருக்கும். இடுக்கியில் பிடித்து அடுப்பின் அனலில் காட்டினால் முதலில் 'சொய்ங்' என்று நீர் சுண்டும், பிறகு பச்சை மங்கி இலை துவளும். அந்தச் சூட்டோடு பிழிந்தால் 3 இலைக்கு ஒரு சின்ன ஸ்பூன் சாறு வரும். கொஞ்சம் தேன் கலந்து கொடுப்போம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. எரிப்பு அதிகம்தான், சின்னவள் முதல் தடவை என் சட்டையிலேயே துப்பினாள். அவளுக்கு இப்போது ரசத்தில் 2 இலையைப் போட்டு இறக்கிவிடுகிறோம். மழை கொட்டுகிற சாயங்காலம் பஜ்ஜியும் உண்டு, அதில் மருந்து எவ்வளவு மிஞ்சும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. மாவுப்பூச்சி வரும். தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகும். ஒரு தொட்டியை மொட்டை மாடியில் வைத்திருந்தேன், 3 நாள் அடைமழையில் கொழகொழவென்று போய்விட்டது. துளசி போனபோது அத்தோடு அந்த வருஷமே போனது. இங்கே அழுகாமல் இருந்த நுனியை ஒடித்து அதே தொட்டியில் புது மண் போட்டுச் செருகினேன், ஒரு மாதத்தில் இலை பறிக்க ஆரம்பித்துவிட்டோம். அன்றிலிருந்து ஆவணியில் எல்லாத் தொட்டியிலும் பாதியை வெட்டிப் புதிதாகச் செருகிவிடுகிறேன். வெட்டிய கிளைகளை மாடிப்படி ஜன்னல் திட்டில் வைத்தால் மறுநாள் காலையில் இருப்பதில்லை, கீழ்வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.