வீட்டுச் செவிலியர் சேவை: ஒரு தாயின் மதிப்பீடு

எங்கள் மகள் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் பொருத்தப்பட்ட டிரக்கியாஸ்டமி குழாய் வழியாகச் சுவாசிக்கிறாள். இரவில் வென்டிலேட்டரின் துணையோடு உறங்குகிறாள்; பால் மூக்குவழிக் குழாயில் போகிறது. அவள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு தனியார் நிறுவனத்தின் செவிலியர் சேவையைப் பயன்படுத்தி வருகிறோம். இதே நிலையில் உள்ள குழந்தையை வீட்டுக்கு அழைத்துவரத் தயாராகும் பெற்றோருக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன். வழக்கமாக வரும் செவிலியர்களுக்கு முழு மதிப்பெண்ணும் தருவேன். அவர்களை அனுப்பும் அலுவலகத்துக்கு அதில் பாதியைத் தரவும் மனம் வரவில்லை.

நாங்கள் முதன்மையாகப் பெறுவது இரவுப் பணிச் சேவை. டிரக்கியாஸ்டமி உள்ள குழந்தைகள் பலரின் அழுகை வெளியே கேட்காது. மூச்சுக்காற்று குரல்நாண்களை எட்டாமல் கழுத்துக் குழாயிலேயே வெளியேறிவிடும். சளி அடைத்துக்கொண்டால் குழந்தை யாரையும் கூப்பிட முடியாது என்பதால், அருகில் ஒருவர் விழித்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகளுக்காக நுரையீரல் மருத்துவ அமைப்பான அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் விழித்த நிலையில் உடனிருக்க வேண்டும் என்றும், குடும்பத்தில் குறைந்தது இருவராவது பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. இந்த நிறுவனத்தின் இரவுச் செவிலியர்கள் பணி நேரத்தில் கண்ணயர்ந்து நான் ஒருபோதும் பார்த்ததில்லை. இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்களுக்கு நிலையாக வரும் மூத்த செவிலியர் பணியை ஏற்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல சேவை எப்படி இருக்கும் என்பதை அதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். கை கழுவிவிட்டு வந்ததும் அவர் மானிட்டரைப் பார்ப்பதில்லை. சட்டையைத் தூக்கி, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்குகிறதா, மூக்குத் துவாரங்கள் விரிகின்றனவா என்று மகளைத்தான் முதலில் பார்க்கிறார். பிறகு கழுத்து நாடாவுக்கடியில் ஒரு விரலை நுழைத்து இறுக்கத்தைச் சோதிக்கிறார். மோவாயை மெல்ல உயர்த்தி, மடிப்புக்குள் தோல் சிவந்திருக்கிறதா, ஈரம் தங்கியிருக்கிறதா என்று கவனிக்கிறார். அதே அளவில் ஒரு மாற்றுக் குழாயும் அதைவிட ஓர் அளவு சிறிய குழாயும், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை உறுதி செய்து, சளி உறிஞ்சும் சக்ஷன் மெஷினை ஒருமுறை இயக்கிப் பார்த்த பின்புதான் நாற்காலியில் அமர்கிறார்.

சளி எடுப்பதிலும் அதே ஒழுங்கு இருக்கிறது. சளியை உறிஞ்சும் மெல்லிய குழாயான கதீட்டர் எவ்வளவு நீளம் உள்ளே போகலாம் என்பதை அளந்து எழுதிய தாள் தொட்டிலுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. கழுத்துக் குழாயின் முனை வரை மட்டுமே அது போகும், சில நொடிகளில் வெளியே வந்துவிடும். அதற்கு மேல் ஆழமாகச் செலுத்தினால் மூச்சுக்குழலின் உட்சவ்வு புண்பட்டு இரத்தம் கசியக்கூடும். பால் கொடுக்கும் முன், மூக்குவழிக் குழாயின் முனை வயிற்றில்தான் இருக்கிறதா என்று அறிய, அதிலிருந்து சிறிது நீர்மத்தை உறிஞ்சி அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் சோதிப்பார், அளவு 5.5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால்தான் பால் தருவார். அமிலத்தைக் குறைக்கும் மருந்து உட்கொள்ளும் குழந்தைகளுக்கு அந்த அளவு உயர்ந்தே காட்டக்கூடும் என்பதையும், அப்போது தானாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன். பால் இறங்கும் நேரத்தில் மகளின் வாயில் சூப்பானை வைத்துச் சப்பவிடுவார். சப்புவதையும் வயிறு நிறைவதையும் குழந்தை சேர்த்து உணர்ந்தால், பின்னாளில் வாய்வழி உண்ணப் பழகுவது எளிதாகலாம் என்பது அவர் தந்த விளக்கம்.

கற்றுக்கொடுப்பதில் இவர்களுக்கு இருக்கும் அக்கறையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். குழாய் மாற்றும் நாளில் என் கைகள் நடுங்கியபோது, அந்தச் செவிலியர் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. “நான் இங்கேயே நிற்கிறேன், நீங்களே மாற்றுங்கள் அம்மா” என்று சொல்லி, மகளின் தோளுக்கடியில் துணிச்சுருளை வைத்துக் கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார். இப்போது நானும் என் கணவரும் தனித்தனியாக அதைச் செய்கிறோம்.

அலுவலகத்தைப் பற்றிய குறையும் கடுமையானதே. நிலையான செவிலியர் விடுப்பு எடுத்த ஓர் இரவில், எங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் ஒரு மாற்றுச் செவிலியரை அனுப்பினார்கள். சளிக் குழாயை எவ்வளவு ஆழம் விடுவீர்கள் என்று கேட்டதற்கு, தடை தட்டும் வரை விடுவேன் என்றார். சுவரில் இருந்த தாளை அவர் படிக்கவே இல்லை. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் முறைவைத்து விழித்திருந்தோம். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. பெரியவர்களைக் கவனித்தே பழகிய ஒருவரை, இப்படிப்பட்ட குழந்தையிடம் எந்த அறிமுகமும் இன்றி அனுப்பியது நிர்வாகத்தின் பொறுப்பின்மை. அவசர எண்ணில் அழைத்தபோது, காலையில் பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைத்தது.

மறுநாள் வந்த மேற்பார்வையாளர், இனி எந்த மாற்றுச் செவிலியரும் எங்கள் வீட்டில் ஒரு பணிநேரம் உடனிருந்து பார்த்த பின்பே தனியாகப் பொறுப்பேற்பார் என்று எழுதிக் கொடுத்தார். அதன்பின் அந்த விதி காக்கப்படுகிறது. ஆனால், ஒரு குடும்பம் சண்டையிட்டுப் பெற வேண்டிய சலுகையாக இது இருக்கக் கூடாது.

கருவிகளைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. மின்சாரம் நின்றால், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரும் நின்றுவிடும் என்பதால் மாற்றுச் சிலிண்டர் ஒன்றை எப்போதும் வைத்திருக்கச் செய்கிறார்கள். மருந்து அட்டவணையில் மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுகிறார்கள். ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டால் அளவு பன்மடங்காகிவிடும் என்பதால் இதை மிகவும் மதிக்கிறேன். வீட்டுக்குள் எந்நேரமும் வேறொருவர் இருப்பது தம்பதியரின் தனிமையைக் குறைக்கிறது. அதைப் பேசித் தீர்த்துக்கொள்ள இந்தச் செவிலியர்கள் மனத்தாராளம் உள்ளவர்கள்.

இரவுப் பணிக்காக இந்தச் சேவையைத் தொடர்கிறோம், தயக்கமின்றிப் பரிந்துரைக்கவும் செய்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வழக்கமாக வருபவர் வராத இரவில் யார் வருவார், அவர் உங்கள் குழந்தையை முன்பே பார்த்திருப்பாரா, நள்ளிரவில் அழைத்தால் பொறுப்பேற்று முடிவெடுக்கும் மூத்த செவிலியர் யார் ஆகிய விவரங்களை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.